மம்மியின் சாபம் மருந்தாகுமா? ரத்தப் புற்றுநோய் செல்களைச் சாகவைக்கும் பூஞ்சை!

கடலைப் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே இருப்போம். திடீரென ஒரு பருப்பு மட்டும் கசக்கும். முகம் சுளித்து, 'தூ' எனத் துப்பிவிடுவோம். கடலையை உரிக்கும்போதே சில பருப்புகளின் மேல் மஞ்சளும் பச்சையும் கலந்த பொடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல நேரங்களில் அந்தப் பொடி, 'ஆஸ்பெர்கில்லஸ் ஃப்ளேவஸ்' என்கிற பூஞ்சைதான்.

மனிதர்களுக்குப் பெரும்பாலும் கெட்டதை மட்டுமே செய்துவந்த இந்தப் பூஞ்சையைப் பற்றி, 2025 ஜூன் மாதம் ஒரு நல்ல செய்தி வந்தது. இதிலிருந்து பிரித்தெடுத்த சில மூலக்கூறுகள், லுகேமியா எனப்படும் ரத்தப் புற்றுநோய் செல்களைக் கொல்கின்றன என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 'நேச்சர் கெமிக்கல் பயாலஜி' இதழில் தெரிவித்தார்கள். உடனே, 'மம்மியின் சாபத்திலிருந்து கேன்சர் மருந்து' என உலகம் முழுக்கத் தலைப்புகள் பறந்தன.

இப்படி ஒரு செய்தி வந்தால் அடுத்து என்ன நடக்கும்? வாட்ஸ்அப்பில் அது சுற்றும். லுகேமியா சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் வீட்டுக்கும் போய்ச் சேரும். 'அப்போ பூஞ்சையில, காளான்ல மருந்து இருக்குதானே... அந்தக் காளான் பவுடரை வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாமா?' என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்கான பதிலைத் தெரிந்துகொள்ள, இந்தப் பூஞ்சை மூலக்கூறுகள் புற்றுநோய் செல்லை எப்படிச் சாகவைக்கின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

சாபமா... பூஞ்சையா?

1922 நவம்பரில் எகிப்து மன்னர் துட்டன்காமுனின் கல்லறையை ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்தார். அதற்குப் பணம் போட்ட கார்னர்வோன் பிரபு, அடுத்த ஏப்ரலிலேயே இறந்துபோனார். கொசு கடித்த இடம் சவரம் செய்யும்போது வெட்டுப்பட்டு, ரத்தத்தில் நச்சேறி, நிமோனியாவும் வந்துதான் அவர் இறந்தார். ஆனால், 'மன்னரின் தூக்கத்தைக் கலைத்ததால் வந்த சாபம்' என்ற கதைதான் உலகம் முழுக்கப் பரவியது.

1970-களில் போலந்து நாட்டில் நான்காம் காசிமிர் மன்னரின் கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே போன ஆய்வாளர்கள் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்தக் கல்லறையில் ஆஸ்பெர்கில்லஸ் ஃப்ளேவஸ் இருந்தது தெரியவந்தபோது, 'துட்டன்காமுன் சாபமும் இதுவாகத்தான் இருக்குமோ?' என்ற சந்தேகம் கிளம்பியது. எகிப்து விஷயத்தில் அது யாரும் நிரூபிக்காத ஊகம்தான். ஆனால், 'சாபப் பூஞ்சை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பூஞ்சையின் நிஜமான கொடுமையைப் பார்க்க எகிப்து வரை போக வேண்டியதில்லை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. அவற்றுக்குத் தீவனமாகக் கொடுத்த கடலைப் பிண்ணாக்கில் இந்தப் பூஞ்சையின் நச்சு இருந்தது. அதற்குத்தான் 'அஃப்ளாடாக்சின்' என்று பெயர் வைத்தார்கள். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் உள்ள பழங்குடி கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட சுமார் 400 பேருக்குக் கல்லீரல் பாதித்தது. அவர்களில் 106 பேர் இறந்துபோனார்கள். நீண்ட காலம் உடலுக்குள் போனால் கல்லீரல் புற்றுநோயையும் இந்த நச்சு உண்டாக்கும்.

ஆக, புற்றுநோயை உண்டாக்கும் நச்சைத் தயாரிக்கிற அதே பூஞ்சையிலிருந்துதான், புற்றுநோய் செல்லைக் கொல்லும் மூலக்கூறும் கிடைத்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு பொருள்கள். தயாரிக்கிற பூஞ்சை மட்டும்தான் ஒன்று. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

சாக மறுக்கும் செல்கள்

நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தத்தின் தொழிற்சாலை. சிவப்பணுக்கள், வெள்ளையணுக்கள், தட்டணுக்கள் எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன. லுகேமியாவில், முதிர்ச்சியடையாத அல்லது கோளாறான வெள்ளையணுக்கள் கணக்கு வழக்கில்லாமல் பெருகிவிடும். வேலை எதுவும் செய்யாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். மற்ற அணுக்கள் பிறக்க இடம் இருக்காது. சிவப்பணு குறைவதால் சோர்வும் வெளிறலும், தட்டணு குறைவதால் ஈறில் ரத்தக்கசிவும் உடம்பில் நீலத்திட்டுகளும், நல்ல வெள்ளையணு குறைவதால் விடாத காய்ச்சலும் வரும்.

இந்த செல்களுக்கு இரண்டு பிரச்னைகள். ஒன்று, பெருகுவதை நிறுத்தாது. இன்னொன்று, சாக வேண்டிய நேரத்தில் சாகாது.

'சாக வேண்டிய நேரமா?' என்று தோன்றலாம். ஆம், நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. கருவில் இருக்கும்போது நம் கை, துடுப்பு மாதிரிதான் இருக்கும். விரல்களுக்கு நடுவே இருக்கும் செல்கள் தாமாகவே இறந்து வழிவிடுவதால்தான் ஐந்து விரல்களும் தனித்தனியாகப் பிரிகின்றன. தவளைக்குஞ்சின் வால் மறைவதும் இப்படித்தான். 1972-ல் இதற்கு 'அபாப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

இது எப்படி நடக்கிறது? செல்லின் மரபணுவில் சரிசெய்ய முடியாத சேதம் ஏற்பட்டாலோ, செல் பிரிவது பாதியில் சிக்கிக்கொண்டாலோ உள்ளே எச்சரிக்கை மணி அடிக்கும். செல்லுக்குச் சக்தி கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உறையில் ஓட்டை விழுந்து, 'சைட்டோகுரோம் சி' என்ற புரதம் வெளியே கசியும். அது 'காஸ்பேஸ்' எனப்படும் நொதிகளைத் தட்டி எழுப்பும். இந்த நொதிகள் கத்தரிக்கோல் மாதிரி. செல்லின் உள்ளே இருக்கிற புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டிப்போடும். செல் சுருங்கி, சின்னச் சின்னப் பொட்டலங்களாக உடையும். பக்கத்தில் இருக்கிற துப்புரவு செல்கள் வந்து அவற்றை விழுங்கிவிடும். சத்தமில்லை, வீக்கமில்லை, கதை முடிந்தது.

புற்றுநோய் செல் என்ன செய்கிறது என்றால், இந்த மணியையே அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பல லுகேமியா செல்களில் 'பி.சி.எல்-2' என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும். மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை விழாமல் காவல் காப்பதுதான் அதன் வேலை. இந்தக் காவல்காரனை மட்டும் விலக்கிவிடும் 'வெனெட்டோகிளாக்ஸ்' என்ற மாத்திரை, 2016 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 'செல்லைச் சாகவைப்பது' என்று ஆய்வாளர்கள் சொல்லும்போது, செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிற இந்த ஏற்பாட்டை மறுபடி இயங்கவைப்பதைத்தான் பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள்.

வளையத்துக்குள் வளையம்

இப்போது நம் பூஞ்சைக்கு வருவோம். பேராசிரியர் ஷெர்ரி காவ் தலைமையிலான பென்சில்வேனியா குழு, ஒரு டஜன் ஆஸ்பெர்கில்லஸ் வகைகளை அலசிப் பார்த்தது. அவர்கள் தேடியது ஒரு குறிப்பிட்ட வகைப் புரதத் துணுக்குகளை. பூச்சரம் தொடுக்கிற மாதிரி முதலில் ஒரு நீண்ட சங்கிலியைச் செல் கோக்கும். அப்புறம் அதே சங்கிலியை மடக்கி, வளைத்து, முடிச்சுப் போட்டு வேறு வடிவத்துக்குக் கொண்டுவரும். பாக்டீரியாக்களில் இத்தகைய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் தெரியவந்துள்ளன. பூஞ்சைகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மிகச் சொற்பம்.

தேடலில் சிக்கியது ஆஸ்பெர்கில்லஸ் ஃப்ளேவஸ். அதிலிருந்து நான்கு மூலக்கூறுகளைப் பிரித்தெடுத்தார்கள். ஒன்றுக்குள் ஒன்று கோத்த வளையங்களாக இருந்த அந்த வடிவத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. 'ஆஸ்பெரிஜிமைசின்' என்று பெயர் வைத்தார்கள். நான்கில் இரண்டு, எந்த மாற்றமும் செய்யாமலேயே லுகேமியா செல்கள் மீது வேலை செய்தன.

அடுத்து ஒரு சின்ன வேலை செய்தார்கள். ராணித் தேனீக்கு ஊட்டப்படும் 'ராயல் ஜெல்லி'யில் ஒரு கொழுப்பு இருக்கிறது. அதை இந்த மூலக்கூறின் ஒரு வடிவத்தில் ஒட்டவைத்தார்கள். உடனே அதன் வீரியம் எகிறியது. லுகேமியாவுக்குப் பல வருடங்களாகக் கொடுக்கப்படும் சைட்டராபின், டானோரூபிசின் ஆகிய மருந்துகளுக்கு இணையாகச் செல்களை அழித்தது.

சரி, கொழுப்பை ஒட்டினால் ஏன் வீரியம் கூடுகிறது? வெளியிலிருந்து வரும் பொருள்களைச் செல் விழுங்கும்போது, அவை 'லைசோசோம்' என்ற சின்னப் பைக்குள் போய் விழும். செல்லின் குப்பைத்தொட்டி அது. பல மருந்துகள் அங்கேயே அடைபட்டு வீணாகிவிடும். அந்தப் பையின் சுவரில் ஒரு கதவு மாதிரி ஒரு புரதம் இருக்கிறது. அதை உருவாக்கும் மரபணுவின் பெயர் எஸ்.எல்.சி.46ஏ3. கொழுப்பு ஒட்டிய ஆஸ்பெரிஜிமைசின், இந்தக் கதவு வழியாகத் தொட்டியிலிருந்து தப்பித்துச் செல்லுக்குள் இறங்கிவிடுகிறது. மருந்து கண்டுபிடிப்பவர்களுக்கு இந்தக் கதவுதான் பெரிய செய்தி. செல்லுக்குள் நுழைய முடியாமல் தோற்கும் மற்ற மூலக்கூறுகளையும் இதே வழியில் அனுப்பிப் பார்க்கலாம் இல்லையா?

நடுத்தெருவில் நிற்கும் தேர்

உள்ளே இறங்கிய பிறகு அது என்ன செய்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, அதன் குரோமோசோம்களை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து இழுக்க வேண்டும். அதற்காகச் செல்லுக்குள் 'மைக்ரோடியூபூல்' எனப்படும் நுண்குழல்கள் உருவாகும். தேர் இழுக்கிற வடம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெரிஜிமைசின், இந்த வடத்தைச் சரியாக உருவாகவிடாமல் கெடுக்கிறது. வடம் இல்லாவிட்டால் தேர் நடுத்தெருவில் நிற்கும். பிரியவும் முடியாமல், பழைய நிலைக்குத் திரும்பவும் முடியாமல் பாதியில் சிக்கிய செல்லில்தான், நாம் முன்பு பார்த்த எச்சரிக்கை மணி அடிக்கும்.

இந்த உத்தி நமக்குப் புதிதல்ல. நம் ஊர் வேலியோரத்திலும் கல்லறைத் தோட்டங்களிலும் பூத்துக்கிடக்கும் நித்தியகல்யாணியைத் தெரியும்தானே? அதிலிருந்து வந்த 'வின்கிரிஸ்டின்' என்ற மருந்தும் இதே வடத்தைத்தான் அறுக்கிறது. 1950-களில் கனடாவில், நித்தியகல்யாணி இலை சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, சோதனை விலங்குகளின் வெள்ளையணுக்கள் குறைந்தன. அந்த வரிசையில் வந்த வின்கிரிஸ்டினை 1963-ல் அமெரிக்கா அனுமதித்தது. குழந்தைகளுக்கு வரும் லுகேமியாவின் சிகிச்சையில் இன்றுவரை அதற்கு முக்கிய இடம் உண்டு. 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிழைக்க வழியே இல்லாமலிருந்த நோயில், இப்போது வளர்ந்த நாடுகளில் 10 குழந்தைகளில் சுமார் 9 பேர் பிழைக்கிறார்கள் என்றால், அதற்கு இப்படிப்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததுதான் காரணம்.

ஆனால், வின்கிரிஸ்டினுக்கு ஒரு குறை உண்டு. நம் நரம்புகளிலும் இதே நுண்குழல்கள் இருப்பதால் கை, கால் மரத்துப்போவது, மலச்சிக்கல் போன்ற தொந்தரவுகள் வரும். ஆஸ்பெரிஜிமைசின் விஷயத்தில் ஆய்வாளர்கள் நம்பிக்கையோடு இருப்பதற்குக் காரணம், மார்பகம், கல்லீரல், நுரையீரல் புற்றுநோய் செல்கள் மீது அது கிட்டத்தட்ட எதுவுமே செய்யவில்லை என்பதுதான். 'எல்லா கேன்சரையும் குணப்படுத்தும்' என்று வரும் ஃபார்வேர்டு மெசேஜ்களுக்கு இது நேர் எதிர். ஒரு மருந்துக்கு இந்தக் குறுகிய இலக்குதான் பலம். கண்ணில் பட்டதையெல்லாம் கொல்வதற்குப் பெயர் விஷம்.

தட்டில் சாவது வேறு... உடம்பில் சாவது வேறு!

இவ்வளவும் நடந்தது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில். அடுத்த கட்டம் விலங்குகள். அதில் தேறினால்தான் மனிதர்கள். முதலில் சில பேருக்குக் கொடுத்துப் பாதுகாப்பானதா என்று பார்ப்பார்கள். பிறகு பலன் இருக்கிறதா, ஏற்கெனவே இருக்கும் மருந்தைவிட நல்லதா என்று பார்ப்பார்கள். வருடக்கணக்கில் ஆகும். பெரும்பாலான மூலக்கூறுகள் வழியிலேயே விழுந்துவிடும்.

எப்படி விழும் என்பதற்கு ஒரு பூஞ்சையே சாட்சி. 'கார்டிசெப்ஸ் மிலிடாரிஸ்' என்பது புழுக்களின் மேல் வளரும் ஆரஞ்சு நிறப் பூஞ்சை. அதிலிருந்து 1950-ல் 'கார்டிசெபின்' என்ற பொருளைப் பிரித்தார்கள். ஆய்வகத் தட்டில் லுகேமியா செல்களை அபாப்டோசிஸுக்குத் தள்ளுவதில் கில்லாடி. 75 வருடங்கள் ஆகியும் அது ஏன் மருந்தாகவில்லை?

காரணம், நம் ரத்தம். கார்டிசெபின் பார்ப்பதற்கு, நம் உடலில் இயல்பாகவே இருக்கும் 'அடினோசின்' மாதிரியே இருக்கும். அடினோசினைச் சிதைக்க நம்மிடம் ஒரு நொதி உண்டு. அது ஆள் வித்தியாசம் பார்க்காமல் கார்டிசெபினையும் சில நிமிடங்களிலேயே சிதைத்துவிடும். புற்றுநோய் செல்லைப் போய்ச் சேருவதற்குள் மருந்தே காணாமல் போய்விடும். இதைச் சமாளிக்க, கார்டிசெபினுக்கு ஒரு வேதியியல் கவசம் போட்டு, 'என்.யூ.சி-7738' என்ற புது மூலக்கூறை 'நுகானா' நிறுவனமும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்தன. புற்றுநோய் செல்களைக் கொல்வதில் அது கார்டிசெபினைவிட 40 மடங்கு வரை வீரியமானது என்று 2021-ல் அறிவித்தார்கள். மனிதர்களிடம் பரிசோதனையும் தொடங்கியது. இயற்கை கொடுத்ததை அப்படியே தூக்கி வாயில் போட்டால் பலன் இல்லை, அதைச் செதுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இதில் பாடம்.

ஆன்லைனில் 'கார்டிசெப்ஸ்' என்ற பெயரில் பவுடராகவும் கேப்ஸூலாகவும் விற்கிறார்களே, அதை வாங்குபவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள். ஊசி வழியாக ரத்தத்தில் நேரடியாகச் செலுத்தினாலே சில நிமிடங்களில் சிதையும் பொருள், பாலில் கலக்கிக் குடித்தால் மஜ்ஜை வரை போய்ச் சேருமா?

நோயாளிக்கு இதே பூஞ்சைதான் எதிரி

'சரி, பலன் இல்லைன்னாலும் கெடுதல் இல்லையே... கொடுத்துப் பார்த்தா என்ன?' என்று கேட்கலாம். கெடுதல் இருக்கிறது. அதுவும் லுகேமியா நோயாளிக்குத்தான் அதிகம்.

கீமோதெரபி கொடுக்கும்போது புற்றுநோய் செல்களோடு சேர்ந்து, கிருமிகளை எதிர்க்கும் நல்ல வெள்ளையணுக்களும் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அந்த நாள்களில் அவர்களை மிரட்டும் எதிரிகளில் முக்கியமானது ஆஸ்பெர்கில்லஸ். நாம் எல்லோருமே தினமும் இதன் வித்துகளைச் சுவாசிக்கிறோம், நமக்கு ஒன்றும் ஆவதில்லை. வெள்ளையணு இல்லாத உடம்பில் அதே வித்து நுரையீரலில் முளைத்து, சைனஸுக்கும் மூளைக்கும்கூடப் பரவும். உயிரையே பறிக்கக்கூடிய தொற்று இது. அதனால்தான் அந்த நாள்களில் நன்றாக வேகவைத்த உணவை மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். பல மருத்துவமனைகள் பூந்தொட்டிகளையும் பூங்கொத்துகளையும் வார்டுக்குள் விடுவதில்லை.

எந்தப் பூஞ்சையின் மூலக்கூறு நாளை மருந்தாகலாம் என்று பேசுகிறோமோ, அதே பூஞ்சை இன்று அந்த நோயாளியின் அறைக்குள்கூட வரக் கூடாது. காளான் பவுடரோ, மூலிகைப் பொடியோ எங்கே காயவைத்தார்கள், ஈரத்தில் பூஞ்சை பிடித்ததா என்பது வாங்குகிற நமக்குத் தெரியாது. போதாததற்கு, இத்தகைய பொடிகளில் சில, கல்லீரல் மருந்துகளைக் கையாளும் விதத்தை மாற்றிவிடக்கூடும். அப்போது கீமோ மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறலாம், இறங்கலாம். மருத்துவர் கிராம் கணக்குப் பார்த்துக் கொடுத்த மருந்தை நாம் வீட்டில் குழப்பியது மாதிரிதான்.

பூஞ்சைகள் ஏற்கெனவே லுகேமியா வார்டில் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பிறகு, புது மஜ்ஜை நோயாளியின் உடலைத் தாக்காமலிருக்கக் கொடுக்கும் 'சைக்ளோஸ்போரின்', மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. ஆஸ்பெர்கில்லஸ் தொற்றுக்குக் கொடுக்கும் 'காஸ்போஃபஞ்சின்' மருந்தின் மூலமும் இன்னொரு பூஞ்சைதான். பூஞ்சையை அடிக்கப் பூஞ்சையிலிருந்தே ஆயுதம்! ஆனால் இவையெல்லாம் பிரித்து, சுத்தப்படுத்தி, அளவு நிர்ணயித்து, மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த பிறகு வந்தவை.

உங்கள் வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால்...

* புது மருந்து பற்றிய செய்தி வந்தால், 'இது தட்டில் நடந்ததா, விலங்கிலா, மனிதரிலா?' என்று பாருங்கள். ஆஸ்பெரிஜிமைசின் செய்தி முதல் படியில் இருப்பது.

* மனிதர்களிடம் நடக்கும் பரிசோதனைகளை நம் நாட்டில் சி.டி.ஆர்.ஐ எனப்படும் மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். அதன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். 'புது மருந்து தருகிறோம்' என்று யாராவது சொன்னால், பதிவு எண்ணைக் கேளுங்கள்.

* பவுடர், லேகியம், கேப்ஸூல் என ஏற்கெனவே ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால், திட்டுவாரோ என்று பயந்து மருத்துவரிடம் மறைக்காதீர்கள். டப்பாவோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

* கீமோ நடக்கும் நாள்களில் காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் போட்டுவிட்டு 'காலையில பார்த்துக்கலாம்' என்று இருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

* கையில் இருக்கிற சிகிச்சையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். நாளைய பூஞ்சை மருந்து வருவதற்கு வருடங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். நித்தியகல்யாணியிலிருந்து வந்த மருந்து, இன்றே வார்டில் இருக்கிறது.